ஐந்திடம் வாங்கிய பத்து

ஐம்பத்திரண்டில் இருபத்தேழு போக.
எழுதி முடிப்பதற்குள் சாக்பீஸ் இரண்டாகிவிட்டது.
நாரினில் ராத்திரி மைனஸ் இருபத்தாறு.
பலகை துடைக்கும் ஈரத்துணி
ஜன்னலோரம் தகரமாய் விறைத்துக் கிடக்க,
இன்றைய முறைக்காரன் சன்ஜார்
அதைத் தூக்கிப்போய்
வெந்நீர்க் குழாயின்மேல் சாத்திவைத்தான்.

பதினேழு பேர்.
வகுப்புக்குள் போடும் செருப்பு பதினாறு ஜோடி.
எல்தோஸ் மட்டும் வெறும் காலுறையோடு.
ஏனென்று நான் கேட்கவில்லை.

"இரண்டிலிருந்து ஏழு போகுமா?"
"போகாது!" என்று கத்தியது வகுப்பு.
முடியாது என்று சொல்வதில்
அவர்களுக்கு அப்படியொரு ஆனந்தம்.
"அப்போது என்ன செய்வோம்?
பக்கத்து ஐந்திடம் போய்க் கடன் வாங்குவோம்.
ஒன்று கேட்டால் பத்தாக வரும்."
ஐந்தின் தலையில் சாய்வாய் ஒரு கோடு.
மேலே, பொடியாக, நான்கு.

ஒரு கை உயர்ந்தது.
பெர்மெத்.
முழங்கையை மேசையில் ஊன்றி, விரல் சேர்த்து, விதிப்படி.
"அக்கா, திருப்பித் தருவது எப்போது?"

"எதை?"

"ஐந்திடம் வாங்கிய பத்தை."

யாருக்கும் சிரிப்பு வரவில்லை.
பெர்மெத்தின் அம்மாவுடையதுதான்
எங்கள் தெருமுனைக் கடை.
கல்லாவுக்குக் கீழே பச்சை அட்டை நோட்டு.
மாவு ஒரு மூட்டை, எண்ணெய் இரண்டு, தேயிலை,
மாஸ்கோவிலிருந்து பணம் வந்ததும் தருகிறோம்.
இந்த அறையில் இருக்கும் அத்தனை குடும்பமும்
அதில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறது,
என் வருகைப் பதிவேட்டைவிட ஒழுங்காக.
நானும் இருக்கிறேன். பதினொன்றாம் பக்கம்.
சர்க்கரை, சோப்பு, ஒரு ஜோடி கம்பளிக் கையுறை:
அறுநூற்று முப்பத்திரண்டு சோம்.

அவள் எழுத்துக்கூட்டப் பழகியதே
அந்த நோட்டில்தான் என்று நினைக்கிறேன்.

"கணக்கில் வாங்கினால் திருப்பித் தர வேண்டியதில்லை" என்றேன்.
"அப்படி எல்லாரும் சொன்னால்
எங்கள் கடையை மூட வேண்டியதுதான்" என்றாள்.

வாய்ப்பேச்சு உதவாது என்று
குச்சிகளை எடுக்கச் சொன்னேன்.
பத்துப் பத்தாய் ரப்பர் மாட்டிய ஐந்து கட்டு,
உதிரி இரண்டு.
ஒரு ரப்பர் தெறித்து ஐபெக்கின் காதில் பட்டது.
அந்த வழக்கு தீர நான்கு நிமிடம்.
அதற்குள் ஒரு கட்டைப் பிரித்து மேசையில் பரப்பிய எல்தோஸ்
குச்சிகளிடம் சொல்வதுபோல் முனகினான்:
"இது கடனே இல்லையே.
ஐந்தும் இரண்டும் ஒரே வீடு.
நூறு சோமுக்குச் சில்லறை மாற்றினால்
யாருக்கு யார் கடன்?"
காலுறை ஓட்டையில் பெருவிரல் அசைந்துகொண்டிருந்தது.

எட்டு வருடமாய் நடத்தும் பாடம்.
பரீட்சை எழுதித் தேறியிருக்கிறேன் இதில்.
என் தலைக்குள் அந்தக் கட்டு
அன்றுதான் பிரிந்தது.

பெர்மெத் சற்று யோசித்தாள்.
"அப்புறம் ஏன் கடன் என்கிறீர்கள்?"

நல்லவேளை, மணி அடித்தது.
ரொட்டிக்கும் இனிப்புத் தேநீருக்கும்
ஓடினார்கள்.

ராத்திரி நோட்டுகளைத் திருத்தினேன்.
பதினான்கில் இருபத்தைந்து.
ஐபெக் விடைக்குப் பதில் குதிரை வரைந்திருந்தான்,
நல்ல குதிரை.
இரண்டு நோட்டில் முப்பத்தைந்து.
சன்ஜார் ஐந்தின்மேல் கோடு போட மறந்தவன்.
பெர்மெத் எதையும் மறக்கவில்லை:
கோடு, நான்கு, இருபத்தைந்து எல்லாம் சரி,
அதன் கீழே கூட்டல் பத்து,
ஓரத்தில் முத்து முத்தாக
"திருப்பித் தந்தாயிற்று".
சிவப்பு மை இருவருக்கும் ஒன்றுதான்.
அவளுக்குப் போடும்போது மட்டும்
மெல்லப் போட்டேன்.

சம்பளம் பதினேழாம் தேதி வந்தது.
கடையில் அவள் அம்மா இல்லை,
பெட்டியொன்றின்மேல் ஏறி அவள்தான் நின்றாள்.
அறுநூற்று இருபது கொடுத்தேன்.
எச்சில் தொட்டு இரண்டு முறை எண்ணினாள்,
பதினொன்றாம் பக்கத்தைத் தேடாமலே திறந்தாள்,
என் தொகையின் தலையில்
சாய்வாய் ஒரு கோடு.
மேலே, பொடியாக, பன்னிரண்டு.